அவுத்துவிட்ட குதிரைகள்: கொடைக்கானல் நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், ஆணையர், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏரிச்சாலையில் சைக்கிள் வாடகைக்கு விட்டுப் பிழைப்பவன் நான். அதே சாலையில் நடக்கும் குதிரைச் சவாரியை நிறுத்த ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். குதிரை போனால் சைக்கிள்காரனுக்கு லாபம்தானே என்று உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரும். லாபம் வரத்தான் செய்யும், அதை மறைக்கவில்லை. ஆனால் என் அப்பா குதிரைக்காரர். நான் படித்த படிப்பும் அக்காவின் கல்யாணமும் ஒரு குதிரை இந்த ஏரியைச் சுற்றிச் சுற்றிச் சம்பாதித்த காசு. அந்தக் கடனையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அதன் பெயர் ராக்கெட். பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை. பெயருக்கும் நடைக்கும் சம்பந்தமே கிடையாது, அடித்தாலும் ஆடி அசைந்துதான் போகும். அதனாலேயே கைக்குழந்தையோடு வருகிறவர்கள் அதைத் தேடி வருவார்கள். பன்னிரண்டு வயதில் பள்ளி லீவுக்கு அதன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியிருக்கிறேன். ஏரியைச் சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டர். மே மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்பது அன்று வந்து நிற்கும் வேன்களைப் பொறுத்தது. ராத்திரி எனக்கு அம்மா காலில் தைலம் தேய்ப்பார். ராக்கெட்டுக்கு அப்பா கொள்ளு வேகவைப்பார். சீசன் வரைக்கும் குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்.

இந்த ஊரில் குதிரையைப் பற்றிப் புகார் சொல்கிறவர்கள் எல்லோரும் சீசனைத்தான் சொல்கிறார்கள். கனத்த ஆளை ஏற்றுகிறார்கள், தண்ணி காட்டுவதில்லை, சவுக்கால் அடிக்கிறார்கள் என்று. பொய்யில்லை. மே மாதம் பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் நெரியும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும், நம்மைப் போல வாயைத் திறந்து வாங்கத் தெரியாது. வரிசையாக நின்று புகை கக்கும் வேன்களுக்கு நடுவே அது நாள் முழுக்க நிற்கிறது. அதன் குளம்பு மண்ணுக்கும் புல்லுக்கும் ஆனது. லாடம் அடித்த குளம்பு மழை பெய்த தார்ச்சாலையில் எப்படி வழுக்கும் என்பது கூட ஓடிய காலுக்குத் தெரியும். சவாரியின்போது ராக்கெட் இரண்டு தடவை முழங்கால் மடங்கி விழுந்திருக்கிறது. அதில் ஒரு தடவை மேலே ஒரு குழந்தை இருந்தது. அடி படவில்லை. ஆனாலும் அப்பாவின் முகம் அன்று வெளிறியதை மறக்க முடியாது.

நான் சொல்ல வந்தது சீசன் முடிந்த பிறகு நடப்பதை. எங்கள் குதிரைக்காரர்களிடம் அதற்கென்று ஒரு சொல் இருக்கிறது: "அவுத்து விட்டாச்சு."

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கூட்டம் இறங்கிவிடும். ஓடாத குதிரைக்கும் வயிறு உண்டு. சின்ன மட்டக்குதிரைக்கே ஒரு நாளைக்கு நாலைந்து கிலோ காய்ந்த தீவனம் வேண்டும். வைக்கோலும் தவிடும் வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறி வரவேண்டும். வருமானம் நின்ற வீட்டில் அதற்குக் காசு ஏது? சேணத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, கயிற்றை அவிழ்த்து, முதுகில் ஒரு தட்டு. "புல்லு கெடக்குல்ல, மேஞ்சுக்கிரும்" என்பார் அப்பா. எல்லோரும் அதையேதான் சொல்வார்கள், இன்றும் சொல்கிறார்கள். அடுத்த ஏப்ரலில் போய்ப் பிடித்துக்கொண்டு வருவார்கள். உயிரோடு இருந்தால்.

புல் எங்கே இருக்கிறது? ஏரியைச் சுற்றி வேலி, விடுதி, பார்க்கிங். மேலே போனால் யூகலிப்டஸும் பைனும் சீகையும், அதன் அடியில் குதிரைக்கு ஒன்றும் இல்லை. அதனால் மூஞ்சிக்கல்லுக்கும் நாயுடுபுரத்துக்கும் இறங்கி வருகிறது. குப்பைத்தொட்டியில் தலையை விடுகிறது. குதிரையின் வயிறு சின்னது. நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கப் படைத்த வயிறு. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் நாய் கக்கிவிடும், குதிரையால் கக்க முடியாது. பிரியாணிப் பொட்டலத்தைக் கவரோடு விழுங்கினால் அது உள்ளேயே கிடந்து குடலை அடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழி பிறந்தால் கீழ்பூமியிலும் ஜிம்கானாவிலும் உறைபனி விழும். புல்வெளி வெள்ளையாகக் கிடப்பதைப் படம் பிடிக்க விடிகாலையில் வந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். கூட்டம் போன பிறகு அதே புல்வெளியின் ஓரத்தில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் குதிரைகளையும் பாருங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். அவுத்துவிட்ட குதிரைக்குப் பத்து மாதமும் அதே லாடம். குளம்பு வளர்ந்து இரும்பைத் தாண்டிப் பிதுங்கி நிற்கும்.

ராக்கெட்டை அப்பா ஒரு கார்த்திகையில் தேடிப் போனார். வழக்கத்துக்கு மாறாக, ஏப்ரல் வரை காத்திருக்கவில்லை. ஏதோ மனசு சொல்லியிருக்கும் போல. ஒரு விடுதியின் பின்சுவர் ஓரம் வயிறு உப்பிக் கிடந்தது, புரண்டு புரண்டு மண்ணெல்லாம் சேறாகியிருந்தது. மருத்துவர் வருவதற்குள் போய்விட்டது. அன்றைக்கு அப்பா அழவில்லை. அடுத்த சீசனுக்குக் கடன் வாங்கி இன்னொரு குதிரை வாங்கினார். அதையும் ஜூனில் அவுத்துவிட்டார். அவரைக் கெட்டவர் என்று எழுத இந்தக் கை வராது. ஆனால் நடந்தது இதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆவது பிரிவில், வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் உறைவிடமும் தராததும் குற்றம், பட்டினி கிடக்கும்படி கைவிடுவதும் குற்றம். முதல் தடவை மாட்டினால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஒரே ஒரு சுற்று ஓட்டினால் போதும், அபராதத்தைக் கட்டிவிட்டு மிச்சத்துக்கு டீயும் வடையும் சாப்பிடலாம். 1965இல் வந்த வண்டி, பொதி விலங்குகள் விதியில் மட்டக்குதிரைக்கு 70 கிலோதான் பொதி என்று வரம்பு இருக்கிறது. மூட்டைக்கு எழுதிய அந்த வரம்பை மனிதரை ஏற்றும்போது யாரும் நினைப்பதில்லை, ஏரிக்கரையில் எடை மெஷினும் இல்லை. நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வெயில் 37 டிகிரியைத் தாண்டினால் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை வேலையே கூடாது என்றும் அதில் உண்டு. கொடைக்கானலில் 37 டிகிரி! சமவெளிக்காரர்கள் எழுதிய விதி. குளிரைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

குதிரைகளைப் பிடித்துப் பட்டியில் அடைத்து அபராதம் போடலாமே என்பீர்கள். ஊட்டியில் எத்தனையோ தடவை பிடித்தாயிற்று, இன்னும் சேரிங் கிராஸில் குதிரை நிற்கிறது. அபராதம் கட்டி மீட்கும் செலவைவிட இன்னொரு குதிரை வாங்குவது மலிவு என்றால் யார் மீட்க வருவார்? அது யாருடையது என்பதற்குத்தான் சாட்சி என்ன? சீசனில் ஒரு குதிரைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுவார்கள். மழையில் செத்துக் கிடந்தால் யாருடையதும் இல்லை.

ஒரே அடியாகத் தடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பாடம் இருக்கிறது. மும்பையில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடிய விக்டோரியா குதிரை வண்டிகள் சட்டவிரோதம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2015 ஜூனில் தீர்ப்புச் சொல்லி, ஓராண்டு அவகாசம் கொடுத்தது. குதிரை இல்லாமல் அதே உருவில் மின்சார வண்டி தெருவுக்கு வந்தது 2021இல். தீர்ப்புக்கும் வண்டிக்கும் நடுவில் ஆறு வருடம். தடை என்றதும் குதிரைக்காரர்கள் உங்கள் ஜீப்பை மறிப்பார்கள் என்றால் அந்த ஆறு வருடத்தை நினைத்துத்தான் மறிப்பார்கள்.

நம் மாநிலத்திலேயே வேறு மாதிரி நடந்திருக்கிறது. மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷாவை 1973இல் ஒழித்தபோது, இழுத்தவர்கள் கையில் அரசே சைக்கிள் ரிக்‌ஷாவைக் கொடுத்தது. கலைஞர் ஆட்சி என்பதால் இன்று அதைச் சொல்வதற்கும் கட்சி பார்ப்பவர்கள் உண்டு. நான் பார்ப்பது, பழையதைப் பிடுங்கிய கையே புதியதையும் கொடுத்தது என்பதை.

அப்படித்தான் கேட்கிறேன். அடுத்த சீசனுக்கு முன் ஊரிலுள்ள ஒவ்வொரு குதிரையையும் எண்ணுங்கள். கால்நடைத் துறையைக் கூப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் அடையாளச் சிப் பொருத்தி, உரிமையாளர் பெயரில் பதியுங்கள். அன்றோடு கணக்கை மூடுங்கள். அதற்குப் பிறகு கீழேயிருந்து ஒரு புதுக் குதிரையும் மலை ஏறக் கூடாது. ஏரிச்சாலையில் மின்சார வண்டி விடும் உரிமம் இந்தக் குதிரைக்காரர்களுக்கு மட்டும், குதிரையை ஒப்படைப்பவருக்கு அன்றே. டெண்டர் என்று ஆரம்பித்தால் மதுரையிலோ கோவையிலோ இருக்கும் முதலாளி எடுத்துக்கொண்டு போவார், நம் ஆட்கள் அவரிடம் கூலிக்கு ஓட்டுவார்கள். குதிரையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்களில் பலருக்குச் சொந்தக் குதிரையே இல்லை, பங்குக்கு ஓடுகிறவர்கள். உரிமையாளர் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு உரிமம் கொடுத்தால் இவர்கள் பெயர் எதிலும் வராது. ஓடிய கால்களுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள்.

ஒப்படைத்த குதிரைக்கு என்ன வழி? நல்லபடியாக வைத்துக்கொண்டால் குதிரை இருபத்தைந்து வருடம்கூட இருக்கும். அப்படியானால் இன்றைய கடைசிக் குதிரைக்கு இன்னும் பதினைந்து, இருபது வருடம் சோறு போடும் பொறுப்பு உங்களுடையது. கூரை போட்ட ஒரு கொட்டடி, லாடம் கழற்றிக் குளம்பு சீவ ஓர் ஆள், தீவனம். நீலகிரியில் மசினகுடிக்குப் பக்கத்தில் மாவனல்லாவில் கைவிடப்பட்ட குதிரைகளையும் கழுதைகளையும் வைத்துப் பார்க்கும் புகலிடம் ஒன்று நடக்கிறது. போய்ப் பார்த்து, என்ன செலவாகிறது என்று கேட்டு வாருங்கள். காசு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மலை ஏறும் சுற்றுலா வண்டிகள் வெள்ளி நீர்வீழ்ச்சி டோல்கேட்டில் பணம் கட்டிவிட்டுத்தான் உள்ளே வருகின்றன. ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி போட முடிந்த ஊர் இது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் பாதையில் அரிசியும் சிலிண்டரும் கொண்டுபோய், காபியும் அவகேடோவும் ஏற்றி வரும் பொதிக் குதிரைகளை நான் சொல்லவில்லை. சாலை இல்லாமல் நெடுங்காலம் குதிரையையும் மனித முதுகையும் நம்பியிருந்த ஊர் அது. அங்கே குதிரையை நிறுத்த வேண்டுமென்றால் முதலில் வண்டி ஓடும் நல்ல சாலை வேண்டும், அது வேறு மனு. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863இல் ஏரியைக் கட்டிய காலத்தில் இந்த ஊருக்கே குதிரையும் டோலியும்தான் வழி. அன்றைக்கு அது தேவை. இன்று ஏரிக்கரையில் நடப்பது ஒரு போட்டோவுக்கு.

குதிரைக்கார அண்ணன்மார் இதைப் படித்தால் என்மேல் கோபம் வரும். சாயங்காலம் கடைக்கு வாருங்கள், பேசுவோம். நானும் கயிற்றை அவிழ்த்த வீட்டுப் பிள்ளைதான்.

நகர்மன்றம் கணக்கெடுக்க முடிவு செய்தால், சீசனில் எடுக்காதீர்கள். அப்போது எல்லாம் மாலை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும், நொண்டியை வீட்டில் கட்டிவிடுவார்கள். மார்கழியில் வாருங்கள். கீழ்பூமியில் எந்த மரத்தடியில், எந்தச் சுவர் ஓரத்தில் ஒதுங்கும் என்று எனக்குத் தெரியும். விடிகாலை ஐந்தரைக்கு ஏழு ரோடு சந்திப்பில் நிற்கிறேன். டார்ச்சும் ஒரு பை கொள்ளும் நான் கொண்டுவருகிறேன். பதிவேட்டை மட்டும் நீங்கள் எடுத்து வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஏரிச்சாலை சைக்கிள் கடைக்காரன்