யோகா போதாதா என்று கேட்டவளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். "இந்த வயசுல யாராவது மேட்ல உருண்டு சண்டை போடுவாங்களா, யோகா போதாதா" என்று நீ கத்தியது அடுப்படி வரைக்கும் கேட்டது. போனில் பதில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். மெல்போர்னில் ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருப்பாய், முழுசாகப் படி.

நான் போவது பிரேசிலியன் ஜியு ஜிட்சு வகுப்புக்கு. குத்து கிடையாது, உதை கிடையாது. ஆளைப் பிடிப்பது, தரைக்குக் கொண்டுவருவது, அங்கே அசையவிடாமல் வைப்பது, கையையோ காலையோ பூட்டுவது, கழுத்தை நெரிப்பது, அவ்வளவுதான். வடபழனியில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அண்ணா நகர் டவரில் இறங்கலாம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு மாடி ஹால். காலையில் பெண்களுக்குத் தனி பேட்ச். கோச் உன்னைவிடச் சின்னப் பையன், என்னை 'மேடம்' என்பான். கூட வரும் பெண்களுக்கு நான் ஆன்ட்டி. வகுப்பில் போடும் தடித்த வெள்ளை உடுப்பை மொட்டை மாடியில் காயப்போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு மாமி, "சார் ரிட்டயர் ஆனதும் கேட்டரிங் ஆரம்பிச்சுட்டாரா?" என்று கேட்டாள். அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் வேலை செய்தபோது நான் யாரைப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். பைக்கில் விழுந்த பையன்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என் வயதுப் பெண்கள். குளியலறையில் வழுக்கியவர்கள், பஸ் படியில் தடுக்கியவர்கள். முக்கால்வாசிப் பேருக்கு மணிக்கட்டுதான் உடைந்திருக்கும், ஏனென்றால் விழும்போது கை தானாக முன்னால் போகும், உடம்பின் எடை முழுக்க அந்த ஒரு கையில் இறங்கும். இன்னும் வயதானவர்களுக்கு இடுப்பு. அதற்கப்புறம் பலர் பழையபடி நடக்கவே இல்லை. விழுந்தவர்களை எழுப்பி நடக்கவைக்க எனக்குத் தெரியும். எப்படி விழவேண்டும் என்று ஒருத்தருக்கும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை, அப்படி ஒரு பாடம் எங்கள் பிரிவிலேயே கிடையாது.

இங்கே முதல் வகுப்பே அதுதான். தாடையை நெஞ்சோடு ஒட்டி வை, தலை தரையில் படக்கூடாது. கையை ஊன்றாதே. முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை தரையில் பக்கவாட்டில் அறை. முதுகை வளைத்து உருள். உட்கார்ந்த நிலையிலிருந்து, அப்புறம் குந்திய நிலையிலிருந்து, அப்புறம்தான் நின்றபடி. பிறகு எழுந்திருப்பது. ஒரு கை பின்னால் ஊன்றி, எதிர்க்கால் பாதத்தை அழுத்தி, இடுப்பைத் தூக்கி, மடக்கிய காலைப் பின்னால் இழுத்து எழவேண்டும். நம் வீட்டில் யார் இப்போது தரையில் உட்காருகிறார்கள்? உன் அத்தை கொலு வைத்த அன்றைக்கே பிளாஸ்டிக் நாற்காலி கேட்டாள். யோகாவை நான் குறை சொல்லவில்லை, ஆனால் யோகா வகுப்பில் யாரும் என்னைத் தள்ளிவிடுவதில்லையே.

அடுத்தது எனக்குச் சிரிப்பு வந்த இடம். கீழே மாட்டிக்கொண்டால் தப்பிக்க முதலில் கற்றுத் தருவது இடுப்பைத் தூக்குவது. மல்லாந்து, முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி, இடுப்பை மேலே தள்ளவேண்டும். பிரிட்ஜிங்! முதுகுவலிக்காரர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் நான் எண்ணி எண்ணிச் செய்யவைத்த அதே பயிற்சி. மேலே உட்கார்ந்திருப்பவரின் ஒரு கையையும் அதே பக்கக் காலையும் பிடித்துக்கொண்டு அதைச் செய்தால் அவர் கவிழ்ந்துவிடுகிறார். என்னைவிடப் பதினைந்து கிலோ கூடுதலான ஒரு பெண்ணை அப்படிக் கவிழ்த்தேன். அவளும் சந்தோஷப்பட்டாள், நானும் சந்தோஷப்பட்டேன். கையால் தள்ளக்கூடாது, இடுப்பால் தள்ளவேண்டும் என்று கோச் சொல்லும்போது நான் மனசுக்குள் தலையாட்டிக்கொள்வேன். உடம்பில் பெரிய தசை எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா?

இந்தக் கலை ஜப்பான் சரக்கு. ஜிகோரோ கானோ 1882-ல் தோக்கியோவில் ஜூடோ பள்ளி தொடங்கினார். அங்கே பயின்ற மிட்சுயோ மாயேதா 1914-ல் பிரேசிலுக்குப் போனார். கார்லோஸ் கிரேசி என்ற பிரேசில்காரர் அங்கேதான் அந்த வித்தையைக் கற்றார், அவருடைய தம்பி ஹீலியோ தரைச்சண்டையை நுணுக்கமாக்கினார். இந்த ஹீலியோவைப் பற்றி வகுப்பில் பக்தியோடு ஒரு கதை சொல்வார்கள். 1951-ல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் மசாஹிகோ கிமுரா என்ற ஜப்பானிய ஜூடோ வீரரோடு அவர் மோதினார். கிமுரா அவர் கையைப் பின்பக்கமாக முறுக்கிப் பூட்டினார். கை உடைந்தது, ஹீலியோ விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அண்ணன் கார்லோஸ்தான் துண்டை எறிந்து சண்டையை நிறுத்தினார். அந்தப் பூட்டுக்கே இன்று கிமுரா என்று பெயர். கதையைக் கேட்டு எல்லோரும் புல்லரித்துப்போனார்கள். எனக்கு அந்தக் கையைப் பற்றித்தான் நினைப்பு. ரோஷம் சண்டைக்காரர்களுக்கு அழகாக இருக்கலாம், அப்புறம் மாதக்கணக்கில் அந்தத் தோளை அசைக்கவைப்பவர்களைக் கேட்டுப்பார்.

என் விதி இதுதான்: வலி வரும்வரை காத்திருப்பதில்லை. பிடி விழுந்தது தெரிந்ததும் எதிராளி உடம்பில் இரண்டு தட்டு. அவள் உடனே விட்டாகவேண்டும். கால் பூட்டுகளில் இது இன்னும் முக்கியம். குதிகாலைப் பிடித்துத் திருகும் பூட்டு ஒன்று இருக்கிறது, அதில் வலி தெரிவதற்கு முன்பே முழங்கால் தசைநார் போய்விடலாம். சர்வதேசக் கூட்டமைப்பின் போட்டிகளில்கூட அதைப் பழுப்பு, கறுப்பு பெல்ட் வாங்கிய பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் அந்தத் தடித்த உடுப்பு இல்லாத பிரிவில் மட்டும்தான், 2021 முதல் அனுமதிக்கிறார்கள். நான் வெள்ளை பெல்ட், அதாவது ஆரம்ப நிலை. என் காலை யாரும் தொடுவதில்லை.

சேருவதற்கு முன்னாலேயே எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துக்கொண்டேன், முடிவை கோச்சிடம் காட்டினேன். கழுத்தை மடக்கும் எதுவும் எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கழுத்து நெரிக்கும் பிடிகளும் எனக்குக் கிடையாது. கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களைத்தான் அதில் அழுத்துகிறார்கள், சரியாக விழுந்தால் சில நொடியில் மயக்கம். என் வயதில் அந்தக் குழாய்களுக்குள் கொழுப்பு படிந்திருக்கலாம், அதை எதற்கு அழுத்திப் பார்க்கவேண்டும்? நின்றபடி தூக்கி எறிவதிலும் நான் சேருவதில்லை, ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடிப்பேன். அந்தப் பையன் இதற்கெல்லாம் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் அன்றைக்கே வகுப்பை விட்டு வந்திருப்பேன்.

பிடிக்காதவையும் உண்டு. சென்னை வெக்கையில் அந்த உடுப்பு நனைந்தால் ஜமக்காளம் மாதிரி கனக்கிறது. விரல் கணுக்கள் காலையில் பிடித்துக்கொள்கின்றன. எல்லாவற்றையும்விடப் படர்தாமரை. வேர்வையும் மேட்டும் சேர்ந்தால் அது கேட்காமல் வரும். ஒரு பெண் முழங்கையில் வட்டமாகத் தடிப்போடு வந்தாள், நான்தான் தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அதிலிருந்து வகுப்புக்கு முன்னால் எல்லோர் கையையும் நகத்தையும் பார்ப்பது என் வேலையாகிவிட்டது. பழைய வார்டு பழக்கம், விடமாட்டேன் என்கிறது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை சோப்புப் போட்டுக் குளிப்பது, உடுப்பு நேராக வாஷிங் மெஷினுக்கு.

உனக்கு இன்னும் பயமாக இருந்தால் இருக்கட்டும். நீ ஸ்கூட்டி கற்றுக்கொண்டபோது எனக்கும் இருந்தது, உன் சாவியை நான் ஒளித்துவைக்கவில்லை. ஆனால் வாய்ஸ் மெசேஜில் "நீ கீழே விழுந்தா யாரு பாத்துக்கறது" என்று கேட்டாயே, அந்த ஒரு கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் இருக்கும் பதில் இந்த வகுப்புதான்.

டிசம்பரில் வரும்போது ஒரு நாள் கூட வா, ஓரமாக உட்கார்ந்து பார். முதல் நாள் சும்மா செய்துபார்க்கவும் விடுகிறார்கள், ஆனால் உன்னைக் கட்டாயப்படுத்தமாட்டேன். அங்கே தள்ளுபடி போட்டால் எனக்கு இன்னொரு உடுப்பு வாங்கி வா, மழைக்காலத்தில் ஒன்று காய்வதற்குள் அடுத்த வகுப்பு வந்துவிடுகிறது. பெண்கள் அளவு எஃப் 3, வெள்ளை நிறம் மட்டும். விலையை அப்பாவிடம் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா