பானுவுக்கு, ஏப்ரல் மாசத்து விதைப்பு பத்தி

அன்புள்ள பானு,

உன் வாய்ஸ் மெசேஜ் ரெண்டும் கேட்டேன்டீ. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப நிம்மதி, சொட்டு மருந்த மட்டும் வேளை தவறாம போட்டுவிடு, அடுப்புகிட்ட போகவிடாத. இங்க இங்கிலாந்துல எல்லாரும் சௌக்கியம். சின்னவனுக்கு அடுத்த மாசம் ஜிசிஎஸ்இ பரீட்சை, அதனால வீட்ல டிவி சத்தமே கிடையாது, நான் பாதி நேரம் தோட்டத்துலதான் இருக்கேன்.

உன் பொண்ணுக்கு லீட்ஸ்ல தோட்டத்தோட வீடு கிடைச்சிருக்கு, என்ன விதை போடலாம்னு கேக்குறான்னு சொன்னியே, எனக்கு அவ்ளோ சந்தோஷம். போன்ல சொன்னா பாதி மறந்துரும், அதான் எழுதுறேன், இத அப்படியே அவளுக்கு ஃபார்வர்ட் பண்ணிடு.

முதல்ல அவளுக்கு புரிய வேண்டியது ஒண்ணுதான். நம்மூர்ல மழைய பாத்து விதைப்போம், ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றது அதுக்குத்தான். இங்க தண்ணிக்கு பஞ்சமே இல்ல, மண்ணுக்கு சூடு எப்ப வருதுங்கிறதுதான் கணக்கு. உங்க பக்கம் இப்ப கோடை உழவு ஓட்டியிருப்பாங்க, சித்திரைப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்னு உங்கப்பா சொல்லுவாரே, அதே சித்திரையில இங்க மண்ண கையில எடுத்தா ஃபிரிட்ஜுலேர்ந்து எடுத்த மாவு மாதிரி ஜில்லுன்னு இருக்கும். மேல வெயில் பளிச்சுன்னு அடிக்கும், டாஃபடில் எல்லாம் பூத்துக் கெடக்கும், ஆனா கீழ விதை குளிர்ல ஊறி அழுகிரும். கேரட், பீட்ரூட்டுக்கெல்லாம் மண்ணு ஒரு 7 டிகிரியாவது இருக்கணும், பீன்ஸுக்கு 12 டிகிரி. ஒரு சாயில் தெர்மாமீட்டர் வாங்கி காலைல குத்திப் பாக்க சொல்லு. அது இல்லாட்டியும் பரவால்ல, சுத்தம் பண்ணி வச்ச பாத்தில களை தானா பச்சை பச்சையா முளைக்க ஆரம்பிச்சிருச்சுன்னா மண்ணு ரெடின்னு அர்த்தம், நான் அதைத்தான் நம்புறேன். கைப்பிடி மண்ண எடுத்து அமுக்கினா களிமண் உருண்டையா ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னா அன்னைக்கு பாத்தில கால் வைக்கவே கூடாது, மிதிச்சு இறுகிப்போச்சுன்னா வருஷம் பூரா வேர் திண்டாடும்.

இப்ப ஏப்ரல் நடுவுல அவ தைரியமா போடக்கூடியது உருளைக்கிழங்கு. குட் ஃப்ரைடே அன்னைக்கு உருளை நடுறது இங்க பழைய வழக்கம். கடையில சமையலுக்கு வாங்குறத நடக்கூடாது, நோய் இருக்கலாம், விதைக்கிழங்குன்னு கார்டன் சென்டர்ல தனியா விப்பாங்க. முட்டை அட்டைல வச்சு வெளிச்சத்துல முளை கட்டவிட்டு, அரை அடி ஆழத்துல ஒரு அடி இடைவெளி விட்டு வைக்கணும். தளிர் மேல வந்தப்புறம் மண் அணைச்சுக்கிட்டே வரணும், ராத்திரி உறைபனி வரும்னு வெதர்ல சொன்னா தளிர் மேலயே மண்ண தள்ளி மூடிரலாம், ஒண்ணும் ஆகாது.

அப்புறம் கொத்தமல்லியும் வெந்தயமும். இதுக்கு விதை பாக்கெட்டே வேணாம், சமையல் டப்பாவுல இருக்குற தனியாவ லேசா தேச்சு ரெண்டா உடைச்சு நேரா மண்ணுல தூவ சொல்லு, வெந்தயத்த ராத்திரி ஊற வச்சு தூவிட்டா ஒரு மாசத்துக்குள்ள கீரை பறிக்கலாம். கொத்தமல்லிய பிடுங்கி நட்டா சீக்கிரம் பூவுக்கு போயிரும், போட்ட இடத்துலயே விட்டுரணும். கேரட்டும் அப்படித்தான், நேரடி விதைப்பு. அது மேல மெல்லிசு வலை போட்டே ஆகணும், கேரட் ஈ வாசனைய பிடிச்சுக்கிட்டு வந்து முட்டை வச்சிரும், நெருக்கமா முளைச்சதுல சிலத பிடுங்கி விடும்போது அந்த வாசனை இன்னும் தூக்கலா இருக்கும்.

தக்காளி, மிளகாய், கத்தரி மூணும் இந்நேரம் நாத்தா இருக்கணும், இனிமே விதை போட்டா லீட்ஸ் மாதிரி வடக்குல காய்க்கிறதுக்குள்ள குளிர் வந்துரும், அதனால மே கடைசில செடியாவே வாங்கிக்க சொல்லு. வாங்கினதும் நட்டுறக்கூடாது, பகல்ல வெளிய வச்சு ராத்திரி உள்ள எடுத்து ஒரு வாரம் பத்து நாள் பழக்கணும். தெற்கால இருக்குற எங்க ரெடிங் ஊர்லயே மே நடு வரைக்கும் உறைபனி பயம் இருக்கு, அங்க அதுக்கும் மேல ஒரு வாரம் பத்து நாள் பொறுக்கணும்.

அவரை வேணும்னு கண்டிப்பா கேப்பா, உன் பொண்ணாச்சே. நம்மூர் அவரை பெரும்பாலும் பகல் குறையும்போதுதான் பூக்கும், இங்க ஜூன்ல பதினாறு மணி நேரத்துக்கு மேல வெளிச்சம், அதனால கொடி பந்தல் நிறைய இலையா ஓடும், பூவுக்கு வர்றப்ப குளிரும் வந்துரும். பதிலா ரன்னர் பீன்ஸ் போட சொல்லு, சிவப்பா பூக்கும், பிஞ்சா பறிச்சு தேங்கா போட்டு பொரியல் வச்சா அவ்ளோ ருசி. ஏப்ரல் கடைசில டாய்லெட் பேப்பர் அட்டைக் குழாய்ல மண்ண ரொப்பி ஜன்னலோரம் குழாய்க்கு ஒரு விதையா போட்டு, ஜூன் தொடக்கத்துல அட்டையோடவே நட்டுரலாம். சுரை, புடலை எல்லாம் கிரீன்ஹவுஸ் வாங்கினப்புறம் பாத்துக்கலாம்.

ஓடில்லாத நத்தை ஒண்ணு இருக்கு, ஸ்லக்குன்னு சொல்லுவாங்க, ஒரே ராத்திரில நாத்த மொட்டையடிச்சிரும். முன்னாடி மெட்டால்டிஹைட் மாத்திரை போடுவாங்க, பறவை, முள்ளெலிக்கெல்லாம் ஆபத்துன்னு 2022 வசந்தத்துலேர்ந்து வெளிய போடவே தடை, எனக்கு அதுல ரொம்ப திருப்தி. பழைய டப்பா எதுவும் ஷெட்ல கெடந்தா தொட வேணாம்னு சொல்லு. இருட்டினப்புறம் டார்ச்ச எடுத்துக்கிட்டு போய் பொறுக்கிப் போடுறதுதான் உருப்படியான வழி.

இடம் பத்தலன்னா கவுன்சில்ல அலாட்மென்டுக்கு, அதான் காய்கறி போட வாடகைக்கு குடுக்குற துண்டு நிலத்துக்கு, பேர் குடுத்து வைக்கட்டும். 1908 சட்டத்துலேர்ந்து வர்ற உரிமை அது, வெயிட்டிங் லிஸ்ட் நீளமா இருக்கும், ஆனா ஒரு முழு துண்டு நிலம் கிட்டத்தட்ட 250 சதுர மீட்டர், ஒரு குடும்பத்துக்கு தாராளம்.

இன்னொண்ணு, நீ ஆசையா பீர்க்கன் விதை, புடலை விதையெல்லாம் பொட்டலம் கட்டி யார்கிட்டயாவது குடுத்து விடாதடீ. இந்தியாலேர்ந்து விதை கொண்டு வரணும்னா விதைல நோய், பூச்சி இல்லன்னு அரசாங்கம் தர்ற பைட்டோசானிட்டரி சர்டிபிகேட் வேணும், இல்லாட்டி பிடுங்கிருவாங்க. நம்ம காய் விதை எல்லாமே இங்கயே கிடைக்குது, நான் எடுத்து வச்சு தபால்ல அவளுக்கு அனுப்புறேன், அட்ரஸ மட்டும் அனுப்பி வை. கும்பகோணத்துல வெயில் எப்படி இருக்கு, உன் மொட்டை மாடி முருங்கை பூ வச்சிருச்சா, பதில் போடு.

உன்,
செல்வி