எல்லாக் குழுவுக்கும் ஒரே ஸ்பிரின்ட் வேண்டாம்

எங்கள் நிறுவனத்தின் நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

எல்லாக் குழுக்களும் இரண்டு வார ஸ்பிரின்ட்டில்தான், அதாவது இரண்டு வாரத்தில் முடியும் சின்னச் சின்ன வேலைச் சுற்றுகளாகத்தான், வேலை செய்ய வேண்டும் என்று ஜனவரியில் சொன்னீர்கள். நான் இருப்பது சம்பளப் பட்டியல் மென்பொருள் குழுவில். எங்கள் இரண்டாவது ஸ்பிரின்ட் 30ஆம் தேதி முடிந்தது. அன்றுதான் வாடிக்கையாளர்கள் சம்பளம் போடுகிறார்கள். ஸ்பிரின்ட் முடிவில் செய்த வேலையை டெமோ காட்டுவதா, வாடிக்கையாளர் ஃபோனை எடுப்பதா? ஃபோனைத்தான் எடுத்தோம்.

ஸ்பிரின்ட் ஸ்பிரின்ட்டாக வேலை செய்யும் இந்த ஸ்க்ரம் முறை மேல் எனக்குக் கோபமில்லை. மொபைல் ஆப் குழுவுக்கு அது கச்சிதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பயனரிடம் காட்டி, திட்டு வாங்கி, திருத்திக்கொள்ளலாம். எங்கள் வேலை சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பிப்ரவரி பட்ஜெட்டில் வரி விகிதம் மாறினால் ஏப்ரல் சம்பளத்தில் பிடித்தம் சரியாக இருந்தாக வேண்டும். போன மாதச் சம்பளத்தைப் பழைய கணக்கிலும் புதிய கணக்கிலும் ஓட்டி, பைசா சுத்தமாக ஒத்துப்பார்க்க எங்களுக்கு ஒரு முழு வாரம் தேவை. ஸ்பிரின்ட் பலகையில் அந்த வாரம் நாங்கள் சும்மா இருந்ததாகத் தெரிகிறது.

சப்போர்ட் குழுவுக்கு என்ன புகார் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் ஒரு கான்பான் பலகை, ஒருவர் கையில் இரண்டு டிக்கெட்டுக்கு (பதிவான புகாருக்கு) மேல் கூடாது என்ற கட்டுப்பாடு. அவர்களுக்கு அது போதும்.

அப்புறம் அந்த வெலாசிட்டி அறிக்கை: ஒரு ஸ்பிரின்ட்டில் குழு எத்தனை பாயின்ட் வேலை முடித்தது என்ற கணக்கு. ஒரு வேலைக்கு எத்தனை பாயின்ட் என்று மதிப்பிடுவது அந்தக் குழுவேதான். அதை வைத்துக் குழுக்களை ஒப்பிட ஆரம்பித்தீர்கள். பே ஸ்லிப்பில் ஒரு வரி சேர்க்கும் வேலை ஜனவரியில் 3 பாயின்ட். அதே மாதிரி வேலை ஜூனில் 8. நானும்தான் அப்படிப் போட்டேன்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதியது, ஸ்க்ரம் போன்ற முறைகளின் பொதுக் கொள்கையைச் சொல்லும் அஜைல் அறிக்கை. செயல்முறையையும் கருவியையும் விட மனிதர்கள் முக்கியம் என்றுதான் அது தொடங்குகிறது. அதன் பெயரிலேயே ஒரு செயல்முறையை எல்லோர் தலையிலும் கட்டுகிறோம்! அதற்காக, ஒவ்வொரு கட்டமாக முடித்துக் கடைசியில் டெஸ்டிங் செய்யும் வாட்டர்ஃபால் முறையையும் நான் கேட்கவில்லை. அதன் மூலம் என்று காட்டப்படும், கணினி அறிவியலாளர் வின்ஸ்டன் ராய்ஸின் 1970 கட்டுரையே, டெஸ்டிங்கைக் கடைசிக்குத் தள்ளுவது ஆபத்து என்று எச்சரித்தது.

எது தவறினால் வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போவார் என்று ஒவ்வொரு குழுவையும் கேளுங்கள். அதைப் பார்த்து முறையை முடிவு செய்யலாம். எங்கள் பதில், தப்பான சம்பளம். ஆகவே மாதம் ஒரே ரிலீஸ், 25ஆம் தேதிக்கு மேல் யாரும் மென்பொருள் நிரலைத் தொடக் கூடாது. இதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

அடுத்த மாதம் 12ஆம் தேதி ஒத்துப்பார்க்கும் வேலை நடக்கும். ஒரு மணி நேரம் எங்களோடு வந்து உட்காருங்கள். காபி எங்கள் செலவு.

இப்படிக்கு,
சம்பளப் பட்டியல் குழுவில் ஒருவன்