லாபமா நட்டமான்னு முதல் வருஷத்துலயே தீர்ப்பு சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுற்றுச்சூழல்னு பேச்செடுத்தாலே கம்பெனிக்கு தண்டச்செலவுன்னு ஒரு கூட்டம், பசுமைக்கு மாறினா லாபம் கொட்டும்னு இன்னொரு கூட்டம், ரெண்டு பேர் சொல்றதையும் என்னால அப்படியே ஏத்துக்க முடியல, ஏன்னா எந்த மாதிரி மாத்தம் பண்றாங்கங்கறத யாருமே கேக்கறதில்ல. புகைபோக்கில ஃபில்டர் மாட்டுறதும் கழிவுத்தண்ணிய கடைசில சுத்திகரிக்கிறதும் கண்டிப்பா வேணும், ஆனா அதுல போட்ட காசு பெரும்பாலும் திரும்பாது, கரண்ட் பில்லும் சேந்து ஏறும். அந்தக் கழிவு எங்கேந்து வருதுன்னு பின்னாடியே போய் தயாரிப்பு முறையையே மாத்தினா கணக்கு மாறிடும், கழிவுங்கறதே காசு குடுத்து வாங்கின மூலப்பொருள்தானே, வாங்குறப்ப ஒரு செலவு, கொட்டுறப்ப இன்னொரு செலவு. அமெரிக்காவோட த்ரீ எம் (3M) கம்பெனி 1975லயே இத புரிஞ்சுகிட்டு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, மாசு வராம தடுத்தா லாபம்னுதான் அதுக்கு பேரே.

சரியா எழுதின சுற்றுச்சூழல் சட்டம் கம்பெனிய புதுசா யோசிக்க வைக்கும், அதுல மிச்சமாகுற காசு சட்டத்துக்கு ஆன செலவையே தாண்டலாம்னு ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1991ல எழுதினாரு. அதுக்கப்புறம் பண்ண ஆய்வுகள்ல புதுமை கூடுதுங்கறதுக்கு ஓரளவு ஆதாரம் கிடைச்சது, லாபமும் கூடியே தீரும்ங்கறதுக்கு கலவையான பதில்தான். எனக்கு இதுல "சரியா எழுதின" ங்கறதுதான் முக்கியமா படுது. ஸ்வீடன்ல 1992ல பெரிய பாய்லர்கள் விடுற நைட்ரஜன் ஆக்சைடுங்கற காத்த கெடுக்குற வாயுவுக்கு கட்டணம் போட்டாங்க, வசூலான பணத்த அரசாங்கம் வச்சுக்காம யார் எவ்வளவு எனர்ஜி உற்பத்தி பண்ணாங்களோ அந்தக் கணக்குல அவங்களுக்கே திருப்பிக் குடுத்தாங்க, அதனால ஒரு யூனிட்டுக்கு கம்மியா புகை விட்டவன் கட்டினத விட அதிகமா வாங்கிட்டுப் போனான், அதிகமா விட்டவன் கையிலேந்து போச்சு.

இன்னொண்ணு, மெஷின் மாத்துன முதல் வருஷம் லாபம் இறங்கத்தான் செய்யும். தேய்மானம், வட்டி, ஆளுங்களுக்கு ட்ரெய்னிங், நடுவுல உற்பத்தி நிக்கிறது எல்லாம் அந்த வருஷமே வந்து உக்காரும், மிச்சம் பின்னாடிதான் மெல்ல மெல்ல வரும். பெரிய கம்பெனி தாங்கிக்கும், சின்ன தொழில் நடத்துறவங்க அதுக்குள்ள மூச்சு முட்டிப் போறாங்க, அவங்களுக்கு நீண்டகால கடன் வேணும், வெறும் நோட்டீஸ் அனுப்பி பிரயோஜனமில்ல.

உங்க வணிகப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். காலாண்டு லாபம் போடுறப்ப அந்தக் கம்பெனி ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு தண்ணி, எவ்வளவு மின்சாரம் செலவு பண்ணுது, போன வருஷம் எவ்வளவுன்னும் கேட்டு வாங்கி பக்கத்துலயே போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்