குலதெய்வம் எதுன்னு கேட்காதே, கண்ணு

அன்புள்ள அம்முணி,

போன வாரம் நீ போனில் பேசியதை அப்பாவிடமும் சொன்னேன். கிறிஸ்துமஸ் நீ படிக்கிற அமெரிக்காவில் 1870லிருந்தே அரசு விடுமுறை, டிசம்பர் கடைசியில் ஊரே லீவு, ஆனால் தீபாவளிக்கு நீ லீவும் கேட்டு, தீபாவளி என்றால் என்னவென்றும் விளக்க வேண்டியிருக்கிறது என்று புலம்பினாய். லூயிஸ் ஷ்லாசர் என்பவர் 2003ல் கிறிஸ்தவச் சலுகை (பெரும்பான்மை மதம் என்பதாலேயே கேட்காமல் கிடைக்கிற வசதி) பற்றிக் கவுன்சலிங் செய்கிறவர்களுக்காக எழுதியதைப் படித்ததும் உனக்கு நிம்மதியாக இருந்தது என்றாய். சரி, நியாயம்தான். ஆனால் படிப்பு முடிந்து கோயமுத்தூரில் கவுன்சலிங் செய்ய ரூம் போட்டு உட்கார்ந்தால், இந்து என்பதால் அதே மாதிரிச் சலுகை உன் கைக்கு வந்துவிடும், சாமி. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நம்ம பக்கம் புது ஆளைப் பார்த்தால் ஊரைக் கேட்ட கையோடு, "குலதெய்வம் எந்தக் கோயிலுங்க?" என்பார்கள். சிரித்த முகத்தோடுதான் கேட்பார்கள். பதில் வந்ததும் என்ன சாதி, கவுண்டர் என்றால் எந்தக் குலக் கூட்டம், முறை வருமா பங்காளியா என்று மனசுக்குள் கணக்கு ஓடிவிடும். உனக்கும் அது நாக்கு நுனியில் இருக்கிற கேள்வி. எதிரில் அருந்ததியர் பையனோ, உக்கடத்திலிருந்து வந்த முஸ்லிம் பெண்ணோ, வீட்டுக்குத் தெரியாமல் சபைக்குப் போகிற அக்காவோ இருந்தால், அந்தக் கேள்விக்கு அப்புறம் உன்னிடம் எதை மனசு விட்டுப் பேசுவார்கள்?

நான் வேலையில் இருந்தபோது பத்தாம் வகுப்புக்குப் பேச ஒரு கவுன்சலர் வந்தார். நல்ல மனுஷிதான். பரீட்சை பயம் போக, காலையில் விளக்கேற்றி, விபூதி பூசி, ரெண்டு நிமிஷம் கந்தனை நினைத்தால் போதும் என்றார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். மூணாவது பெஞ்சில் முக்காடு போட்ட பொண்ணு பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். அவளுக்கு அந்த ரெண்டு நிமிஷத்தில் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை, கவுன்சலருக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியவில்லை.

அதற்காகச் சாமி பேச்சே எடுக்காதே என்று சொல்ல மாட்டேன். அது இன்னொரு கூத்து. வருகிறவரே எடுத்தால் காது கொடுத்துக் கேள், பாதிப் பேருக்குத் தெம்பே அங்கேதான் இருக்கிறது. நம்ம சனங்கள் மனசு சரியில்லாதவரைக் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனால் வேண்டுதல் என்கிறோம், ஏர்வாடி தர்காவுக்கு ஒருவர் போனால் மூடநம்பிக்கை என்று உதட்டைச் சுழிக்கிறோம் (நம்மவர்களும் அங்கே போகிறார்கள் என்பது வேறு கதை). 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் தீயில் செத்தது கொடுமைதான். ஆனால் கட்டிப்போடுவதைக் குற்றம் சொல்வது வேறு, தொழுகிற இடத்தைக் குற்றம் சொல்வது வேறு.

இன்னொன்று. கோயமுத்தூரில் நடந்த 1997 நவம்பர் இந்து-முஸ்லிம் கலவரமும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பும் நீ பிறப்பதற்கு முந்தியவை. அதில் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் ரெண்டு பக்கமும் இருக்கின்றன. முஸ்லிம்கள் அதிகம் இருக்கிற கோட்டைமேட்டு அட்ரஸ் என்றதும் வாடகைக்கு வீடு இல்லை என்று சொல்லிக் கேட்டவர் உன்னிடம் வந்தால், "எல்லா மதமும் ஒண்ணுதானுங்க" என்று மட்டும் ஆரம்பிக்காதே. அவர் பட்டது ஒன்றாக இல்லை. 2017 மனநலச் சட்டத்தின் 3வது பிரிவையும் எடுத்துப் பார். ஊரில் நிலவுகிற மத நம்பிக்கைக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்று இருக்கிறது. சாமி கும்பிடாத மகனை இழுத்துக்கொண்டு வருகிற அப்பாக்கள் உன்னிடம் நிறைய வருவார்கள்.

அப்பா சாய்பாபா காலனியில் ஒரு ரூம் பார்த்திருக்கிறார். வாடகை பரவாயில்லை, மாடிப்படி மட்டும் செங்குத்து. வாசலில் பிள்ளையார் மாடம் இருக்கிறது, வீட்டுக்காரர் தினமும் பூ வைக்கிறார், அதை எடுக்கச் சொல்ல முடியாது. உள்ளே என்ன மாட்டுவது, வெள்ளிக்கிழமை மதியமும் ஞாயிறு காலையும் யாருக்கு நேரம் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் உன் முடிவு. பிடித்தால் திங்கட்கிழமைக்குள் சொல்லு, அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

அம்மா