மாப்பிள்ளைக்கு ஒரு வாட்ச்

குன்னூர்,
நவம்பர் 12

அன்புள்ள விமலா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இங்கே விடாத மழை. பர்லியாறு பக்கம் மண் சரிந்து, மலை ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். பஸ்கள் கோத்தகிரி சுற்றிப் போகின்றன. தபால் எப்போது எடுப்பார்களோ என்றுதான் பதில் தள்ளிப்போயிற்று. கல்யாணம் தையில் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. உன் பெண்ணைப் பாவாடை சட்டையில் பார்த்ததுதான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முழங்கால் எப்படி இருக்கிறது? பிசியோதெரபிக்குச் சோம்பல்படாதே. கல்யாண வீட்டில் மாடிப்படி ஏறி இறங்குவது நீதான், சம்பந்தி இல்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்சும் போட வேண்டும், பையன் போனில் ரோலெக்ஸ் படத்தை வைத்திருக்கிறான், என்ன செய்வது என்று எழுதியிருந்தாய். கூடவே, "ரிடையர் ஆனதும் வாங்குவேன் என்றாயே, அந்த வாட்ச் என்னாச்சு" என்று ஒரு குத்து வேறு. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். கொஞ்சம் நீளும், காபி போட்டுக்கொண்டு உட்கார்.

அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. எலும்பு வார்டில் இருந்தபோது எஸ்டேட் பெரியவர் ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து வந்து படுத்தார். அவர் கையில் ஒரு வாட்ச். கருப்பு டயலில் 3, 6, 9 மட்டும் எண்ணாக, உச்சியில் ஒரு முக்கோணம், தேதி கிடையாது. ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் என்று பிறகுதான் தெரிந்தது. லாக்கர் மேல் கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும், ஆட்டோமேட்டிக் அல்லவா, கை அசைந்தால்தான் ஸ்பிரிங் சுற்றிக்கொள்ளும். "சிஸ்டர், கொஞ்சம் ஓட வையுங்கள்" என்பார். அதன் கீ, அதான் பக்கத்தில் இருக்கிற திருகு குமிழ், வெளியே இழுத்தால் வராது, மரை போட்டு இறுக்கியிருக்கும். இடப்பக்கமாகத் திருகினால் மரை முடிந்த இடத்தில் தானாக ஒரு சின்ன உந்தலோடு விரல் நுனிக்கு எழும்பி வரும். அந்த உந்தல் இன்னமும் என் கட்டைவிரலுக்குத் தெரியும். ஓட வைத்துவிட்டு, அதே வாட்சைப் பார்த்தே அவருக்குப் பல்ஸ் எண்ணுவேன். நொடி முள் குதிக்காமல் வழுக்கிக்கொண்டே போகும். என் கையில் இருந்த வாட்சில் அப்போது நொடி முள்ளே நெல் உமி அளவுதான்.

இன்று அதன் விலையில் ஒரு சின்னக் கார் வாங்கலாம். பணம் இருந்தாலும் கடைக்குப் போனவுடன் எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள், பல மாடல்களுக்குப் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம். என் பி.எஃப். பணம் வந்தபோது மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். வீட்டுக்குப் புதுக்கூரை, தம்பி மகள் படிப்புக்குக் கொஞ்சம், மீதியில் ரோலெக்ஸின் ஸ்ட்ராப் வரும் என்றான். வாய்க்கொழுப்பு அவனுக்கு.

ஆனால் ஒன்று தெரியுமா? எக்ஸ்ப்ளோரர் என்ற பெயரே 1953-இல் எவரெஸ்ட் ஏறியதை ஒட்டி வந்தது. அந்தப் பயணக் குழுவுக்கு ரோலெக்ஸும் வாட்ச் கொடுத்திருந்தது, ஸ்மித்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியும் கொடுத்திருந்தது. உச்சிக்குத் தன்னோடு வந்தது ஸ்மித்ஸ்தான் என்று ஹிலாரி சொன்னதை வைத்து அந்தக் கம்பெனி விளம்பரமே போட்டது. ஸ்மித்ஸ் அந்த நாளில் சாதாரண ஆள் வாங்கக்கூடிய வாட்ச். பேரும் புகழும் போய்ச் சேர்ந்த இடம் வேறு. மாப்பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லிப்பார், முகம் எப்படிப் போகிறது என்று எனக்கு எழுது.

அப்புறம் நான் உட்கார்ந்து யோசித்தேன், அந்த வாட்சில் எனக்குப் பிடித்தது எது என்று. கிரீடம் போட்ட முத்திரை இல்லை. அதைப் பார்த்து மயங்குகிற சனம் நம் வட்டத்தில் யார் இருக்கிறார்கள்? எனக்குப் பிடித்தது தெளிவான டயல், நீளமான நொடி முள், 36 மில்லிமீட்டர் அளவு. பெண்கள் வாட்ச் என்று கடையில் காட்டுவதெல்லாம் வளையல் மாதிரி இருக்கிறது, பாதிக்கு நொடி முள்ளே கிடையாது. ட்ரெய்னிங்குக்குக் கொண்டுவர வேண்டிய சாமான் லிஸ்டில் "நொடி முள் உள்ள கைக்கடிகாரம்" என்று எழுதியிருந்ததே, நினைவிருக்கிறதா? பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கு, தாளம் தப்பினால் ஒரு நிமிஷம் முழுசாக எண்ணு என்று டியூட்டர் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார். வேலை போனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி மூச்சு வாங்குகிறது என்றால் கை தானாக மணிக்கட்டைப் பிடிக்கிறது.

இதை முடிவு செய்த பிறகு தேடுவது சுலபமாகிவிட்டது. டூப்ளிகேட் வேண்டவே வேண்டாம் என்று முதலிலேயே தள்ளிவிட்டேன். சீசனில் ஊட்டிக்குப் போனால் நடைபாதையில் குவித்து வைத்து விற்கிறார்களே, பாதிக்கு மேல் உள்ளே பேட்டரிதான். நொடிக்கு ஒரு தரம் முள் துள்ளுவதைப் பார்த்தாலே குட்டு வெளியாகிவிடும். மாப்பிள்ளைக்கு அதைப் போட்டாயானால் கல்யாண ஃபோட்டோ உள்ளவரை பேச்சு இருக்கும். டியூடர் என்று ஒன்று இருக்கிறது, ரோலெக்ஸை ஆரம்பித்த ஹான்ஸ் வில்ஸ்டார்ஃபே, அதே தரத்தைக் குறைந்த விலையில் கொடுக்கலாம் என்று தொடங்கியது. குறைந்த விலை என்பது அவர்கள் கணக்கில். நமக்கு அதுவும் லட்சத்தில்தான்.

நம் அரசாங்கக் கம்பெனி எச்.எம்.டி. வாட்சே வாங்கலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. அப்பா ஊட்டி இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரியில் இருந்தார் அல்லவா, அவர் கையில் எச்.எம்.டி. ஜனதாதான். உள்ளே சக்கரங்கள் தேயாமலிருக்கப் பதினேழு கல், தினம் காலையில் கீ கொடுக்க வேண்டும். ஃபிலிமுக்கு மருந்து பூசுகிற இடம் கும்மிருட்டு. ரேடியம் பூசிய முள் உள்ள வாட்சோடு உள்ளே போகக்கூடாது, அந்தத் துளி வெளிச்சமே ஃபிலிமைக் கெடுத்துவிடும் என்பார். அதனால் வெறும் டயல். நாம் வார்டில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த எக்ஸ்ரே ஃபிலிம் சில அவர் ஃபேக்டரியில் செய்ததுதான். அந்த ஃபேக்டரியும் போயிற்று, 2016-இல் எச்.எம்.டி. வாட்சையும் மூடினார்கள். ஜனதா இப்போது தம்பியிடம் இருக்கிறது. மழைக்காலம் வந்தால் கண்ணாடிக்குள் ஆவி படிந்து, மணி பார்க்க வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். ரப்பர் வளையம் காய்ந்து போயிருக்கும், வேறொன்றுமில்லை.

இணையத்தில் எச்.எம்.டி. கொட்டிக் கிடக்கிறது. ஆனால் மகனோடு உட்கார்ந்து பார்த்ததில் ஆரஞ்சு, கிளிப்பச்சை, மயில் நீலம் என்று டயல்கள்! பழைய டயலைச் சுரண்டி, புதிதாகப் பெயிண்ட் அடித்து விற்கிறார்கள். எழுத்துகளின் ஓரம் மைக்கசிவு மாதிரி தடித்திருந்தால், நிமிஷக் கோடுகள் சமமாக இல்லையென்றால், ஒதுங்கிவிடு.

கடைசியில் நான் வாங்கியது சீக்கோ 5. 37 மில்லிமீட்டர், கருப்பு டயல், ஆட்டோமேட்டிக். பழைய ஸ்டாக், பத்தாயிரத்துக்குள் முடிந்தது. 1963-இலிருந்து இந்த 5 வரிசை வருகிறதாம். கீ மற்ற வாட்சில் போல 3 மணிக்கு நேராக இல்லாமல் 4 மணி இடத்தில் பதிந்திருக்கிறது, கையை மடக்கினால் புறங்கையைக் குத்தாது. எனக்குப் பரம திருப்தி என்னவென்றால் இதன் டயல். மணி எண்கள் உள்ளே ஒரு சின்ன வட்டத்தில், வெளியே பெரிசாக 5, 10, 15 என்று நிமிஷ எண்கள். பல்ஸ் எண்ணுவதற்கென்றே எவனோ உட்கார்ந்து வரைந்த மாதிரி இருக்கிறது. முள் நொடிக்கு ஆறு தரம் அசைகிறது, வழுக்குவது போலத்தான் தெரிகிறது. பின்பக்கம் கண்ணாடி, உள்ளே ஸ்பிரிங்கைச் சுற்றிவிடுகிற எடைத்தகடு சுழல்வதைப் பேரன் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறான்.

குறை இல்லாமல் இல்லை. கையால் கீ கொடுக்க முடியாது, நின்றுவிட்டால் குலுக்கித்தான் எழுப்ப வேண்டும். கீயை இழுத்தாலும் நொடி முள் நிற்காது. அதற்கு ஒரு வழி இருக்கிறது, இழுத்த கீயைப் பின்பக்கமாக இலேசாக, ரொம்ப இலேசாக அழுத்தித் திருப்பிப் பிடித்தால் முள் தயங்கி நின்றுவிடும். ரேடியோ நேரம் சொல்லும்போது விட்டுவிடுவேன். தினம் பத்துப் பன்னிரண்டு நொடி முந்துகிறது. கம்பெனியே ஒரு நாளைக்கு 40 நொடி வரை முந்தலாம் என்றுதான் சொல்கிறது. துணி ஸ்ட்ராப் நம் ஊர் ஈரத்தில் நாறிவிட்டது, தோல் ஸ்ட்ராப் மாற்றினேன். தண்ணீருக்கு 30 மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பிப் பாத்திரம் கழுவாதே, அது சாரலுக்கும் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்கும்தான்.

பெரியவரின் வாட்ச் மாதிரி இருக்கிறதா என்றால், இல்லை. அந்தக் கீயின் உந்தல் இதில் இல்லை. ஓரங்களின் மினுக்கு இல்லை. ஆனால் இதைக் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறேன், தோட்டத்தில் மண் கிளறுகிறேன். போன வாரம் பெட்ஃபோர்டு பக்கம் காட்டெருமை ரோட்டுக்கு வந்து, நாங்கள் எல்லோரும் ஒரு வேலி தாண்டி ஓடினோம், அங்கே கம்பியில் உரசி ஒரு கோடு விழுந்தது. விழட்டும். கார் விலை வாட்சாக இருந்திருந்தால் எருமையை விட்டுவிட்டு வாட்சைத்தான் பார்த்திருப்பேன்.

நேரம் மட்டும் போதும் என்கிறவனுக்கு இதெல்லாம் எதுவுமே வேண்டாம். ரோலெக்ஸ் தன் வாட்ச் ஒரு நாளைக்கு 2 நொடிக்கு மேல் தப்பாது என்கிறது, மாதத்துக்கு ஒரு நிமிஷம். சாதாரண பேட்டரி வாட்ச் மாதத்துக்கே கால் நிமிஷம்தான் தப்பும். உள்ளே இருக்கிற குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 தரம் அதிர்கிறது, அதை எந்த ஸ்பிரிங்காலும் எட்ட முடியாது. இப்போது வருகிற சின்னப் பெண்கள் கேசியோ எஃப்-91 கட்டிக்கொண்டு டியூட்டிக்கு வருகிறார்கள், 1989 மாடல், இன்னும் அப்படியே விற்கிறது. அவர்கள் எண்ணுவதில் ஒரு பிழையும் இல்லை.

உன் மாப்பிள்ளைக்கு வருவோம். அவனிடம் நேராகக் கேட்காதே, கேட்டால் போனில் இருக்கிற படத்தைத்தான் காட்டுவான். உன் பெண்ணிடம் விசாரி: தினமும் வாட்ச் கட்டுகிறவனா, விசேஷத்துக்கு மட்டுமா? தினம் கட்டுகிறவன் என்றால் புது சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் பார், அதில் கீயும் கொடுக்கலாம், நொடி முள்ளும் நிற்கும், 100 மீட்டர் தண்ணீர் தாங்கும். கழற்றி எங்கோ போடுகிறவனுக்கு ஆட்டோமேட்டிக் தண்டம், வெளிச்சத்தில் சார்ஜ் ஆகிற சிட்டிசன் எடு. இருட்டில் கிடந்தாலும் மாதக்கணக்கில் ஓடும், பேட்டரி மாற்ற அலைய வேண்டாம். பட்டு வேஷ்டிக்குப் பொருந்த மெலிசாக வேண்டுமென்றால் டைட்டன் எட்ஜ், மொத்தக் கனமே 3.5 மில்லிமீட்டர், நம் ஓசூர்ச் சரக்கு. ஸ்விஸ் என்று சொன்னால்தான் சம்பந்தி வீட்டில் வாய் மூடும் என்றால் டிஸ்ஸாட், 1853-இலிருந்து இருக்கிற பேர், அரை லட்சத்துக்குள்ளேயே குவார்ட்ஸ் மாடல்கள் கிடைக்கும். எனக்கென்னவோ முதலில் சொன்னதுதான் மனசுக்குப் படுகிறது. மிச்சமாகிற பணத்தை உன் பெண் பெயரில் போடு.

ஒன்று மட்டும் முக்கியம், அளவு. படத்தில் பார்த்துப் பெரிய வாட்சாக வாங்கிவிட்டு ஒல்லிக் கையில் தாம்பாளம் மாதிரி தொங்கவிடாதே. ஒரு நூலை மாப்பிள்ளை மணிக்கட்டில் சுற்றி, அந்த நீளத்தை ஸ்கேலில் பார்த்து எழுது. எப்படி அளப்பது என்று யோசிக்காதே, உன் பெண்ணிடம் சொல், அவள் பார்த்துக்கொள்வாள். அளவு வந்ததும் கோயம்புத்தூரில் மகன் விசாரித்துச் சொல்வான், வாங்கியே கொண்டு வந்துவிடுகிறேன். முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையிலேயே வந்துவிடுவேன், படுக்க இடம் மட்டும் கீழ்த்தளத்தில் பார்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரோஸி