போனஸ் கணக்கைச் சீட்டில் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் திருப்பூர் பின்னலாடை கம்பெனிகள் எழுதாத ஒரு பேச்சை நம்பித்தான் ஓடுகின்றன. போனஸ் பண்டிகைக்கு முன் கைக்கு வரும் என்று தொழிலாளி நம்புகிறார். ஓவர்டைம் பார்த்து ஷிப்மென்ட்டை முடிப்பார், ஊருக்குப் போனாலும் சொன்ன நாளில் திரும்புவார் என்று முதலாளி நம்புகிறார். சட்டமோ கணக்காண்டு முடிந்து 8 மாதம் அவகாசம் தருகிறது. மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனி நவம்பர் 30 வரை தள்ளலாம். 2025 தீபாவளி அக்டோபர் 20-லேயே வந்துவிட்டது.

சண்டை பெரும்பாலும் தொகையில்தான். குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி சேர்த்து மாதம் 12,000 என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 11,995 ரூபாய். ஓவர்டைம் இதில் சேராது. அதை யாரும் முன்பே சொல்லாததால், வாங்கிய மொத்தத்தை வைத்துத் தொழிலாளி மனக்கணக்குப் போடுகிறார். கவரைப் பிரித்ததும் ஏமாற்றம்.

சதவீதம், கணக்கிட்ட சம்பளம், வேலை நாள் மூன்றையும் சீட்டில் எழுதி 15 நாள் முன்பே கொடுங்கள். திரும்பும் தேதியும் அதிலேயே இருக்கட்டும். 'பாதி இப்போது, மீதி வந்தபின்' என்று பிடித்துவைப்பது மிக மோசமான வழக்கம். நல்ல டெய்லர் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார். கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, தைப்பவர்களுக்கும் இதே சீட்டு வேண்டும்.

- பின்னலாடைத் தொழில் சார்ந்த வாசகர்கள், திருப்பூர்